பழைய சைக்கிள் பாகங்களுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பூச்சு

பழைய சைக்கிளின் கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர்களில் பலர், சில மாதங்களிலேயே அது செதில் செதிலாக உரிவதைக் கண்டு பெயிண்டைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் பெயிண்டில் இல்லை. அடியில் விட்டுவைத்த துருவிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இருக்கிறது. இந்த வேலைக்கு ஒரு நாள் ஒதுக்கினால், அதில் முக்கால் பங்கைக் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் கொடுத்துவிடுங்கள்.

பாகங்களைக் கழற்றியதும் முதலில் உப்புத்தாளை எடுக்கக் கூடாது. பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால், அது கீறல்களுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும் என்பதால், அதன் பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். கழுவிய பாகத்தின் மீது நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்தால் சுத்தம்; தாமரை இலையில் போலத் திரண்டு உருண்டால் அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று மென்மையை நோக்கிச் செல்ல வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை முழுவதும் உரிக்க வேண்டியதில்லை. பளபளப்புப் போகும் அளவுக்குத் தேய்த்து, அதன் விளிம்பைச் சரிவாக்கினால் போதும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் படி தட்டுப்படக் கூடாது. கேரியரின் வெல்டிங் மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைக் கையுறையுடன் பூசி, புட்டியில் சொன்ன நேரம் வரை விட்டு, அதில் சொன்னபடியே கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். ஈரமான வெற்று இரும்பு கண்ணெதிரிலேயே மீண்டும் மஞ்சளாகத் தொடங்கிவிடும்.

மரையிலும் பேரிங் அமரும் இடங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்த பிறகு, வெறுங்கையால் தொடாமல் கட்டுக்கம்பியில் தொங்கவிட்டு, அன்றே பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) அடித்துவிட வேண்டும். இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவாகக் கிடைக்கும். எபாக்சி பிரைமர் அதைவிட அதிகம் உழைக்கும், ஆனால் வெயில் பட்டால் மாவாகும் என்பதால் மேற்பூச்சு இல்லாமல் விடக் கூடாது. அலுமினியத்துக்கும் துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

கேனைக் குலுக்குவதில் அவசரம் வேண்டாம். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கையைக் கடத்தி, மறுபக்கம் வெளியே வந்த பின்பே விரலை எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே பெயிண்ட் வடியும். மிகத் தள்ளிப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் போல ஒட்டும். முதல் பூச்சில் அடித்தளம் தெரிவது தவறில்லை. பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சுகள் அடிப்பது, ஒரே தடித்த பூச்சை விட நிச்சயம் நல்லது. மறுபூச்சுக்குக் கேனில் குறித்துள்ள நேரத்தைத் தவறவிட்டால் அவசரப்படாமல் முழுதாகக் காயவிடுங்கள். பாதி காய்ந்த பெயிண்டின் மேல் அடித்தால், புதிய பூச்சிலுள்ள தின்னர் அடிப்பூச்சைச் சுருக்கித் தூக்கிவிடும்.

ஒரு மழைக்காலக் காலையில் பொறுமையில்லாமல் நான் அடித்த கறுப்பு லாக்கர் (விரைவில் காயும் ஒருவகைப் பெயிண்ட்), கால் மணி நேரத்தில் பால் தெளித்தது போல வெளுத்துப் போனது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டதே காரணம். ஆகவே வறண்ட நாளில், நேர்வெயில் படாத திறந்த வெளியில் அடிப்பதே நல்லது. சமையலறைக்கு அருகில் கூடவே கூடாது. ஆவி எளிதில் தீப்பற்றும்.

ஹார்ட்னர் எனும் இறுக வைக்கும் திரவம் கலந்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. அடிப்பாகத்துப் பித்தானை அழுத்தி ஹார்ட்னரைக் கலந்துகொள்ளும் கேன்களும் உண்டு. ஆனால் அந்த ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசமோ தூசிக் கவசமோ அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் கவசம் இல்லாதவர்கள், அந்த வேலையைப் பெயிண்டிங் பட்டறைக்கு விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. சைக்கிள் கேரியருக்குச் சாதாரண எனாமல் ஸ்ப்ரே தாராளமாகப் போதும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே பூட்டிவிடக் கூடாது. எனாமல் உள்வரை இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மறைவான ஓரிடத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழவில்லை என்றால் மட்டும் பூட்டுங்கள். நட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்தால், முடுக்கும்போது பூச்சு பெயராது. மிச்சமுள்ள கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்திவிட்டு வைத்தால், அடுத்த முறை நாசில் அடைத்துக்கொள்ளாது.