பழைய ஃபர்னிச்சர விக்கிறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

பழசு ஆக ஆக விலை ஏறிட்டே போகும்னு நெறைய பேர் நம்புறாங்க, அப்படி இல்லீங்க. 19ஆம் நூற்றாண்டு மஹோகனி மர டைனிங் டேபிள், ஆளுயர அலமாரி எல்லாம் 1990கள்ல நல்லா போச்சு, 2000க்கு அப்புறம் பிரிட்டன், அமெரிக்கா ஏலங்கள்ல பயங்கரமா எறங்கிடுச்சு, ஏன்னா வீடு சின்னதாயிடுச்சு, அந்த கனமான சாமான வைக்க எடமில்ல. அதே சமயம் 1950, 60கள்ல வந்த டென்மார்க் நாற்காலிங்க, ஹான்ஸ் வெக்னர்ங்கிற டிசைனரோடது மாதிரி, நூறு வயசு கூட ஆகல, அதுங்க ஏறிடுச்சு. வயச விட ரசனைதான் விலைய தீர்மானிக்குது.

அதனால பத்து வருஷத்துக்கு முன்னாடி எடுத்த மதிப்பீட்ட நம்பாதீங்க, அதுவும் இன்ஷூரன்ஸுக்கு போட்ட தொகை பொதுவா கூடுதலாத்தான் இருக்கும், கைக்கு வர்ற காசு அது இல்ல. உங்களுது மாதிரியே இருக்கிற பொருள் சமீபத்துல என்ன விலைக்கு ஏலம் போச்சுன்னு பாருங்க.

டிராயர வெளிய இழுத்து ஓரத்து மூட்ட பாருங்க, புறா வால் மாதிரி வெட்டு ஒண்ணுக்கொண்ணு அளவு மாறி இருந்தா கையால செஞ்சதா இருக்க வாய்ப்பு அதிகம், எல்லாம் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவுன்னா மெஷின் வேலை.

தயவுசெஞ்சு பளபளன்னு ஆக்குறேன்னு உப்புத்தாள் போட்டு தேச்சிடாதீங்க! வருஷக்கணக்கா கை பட்டு வந்த அந்த நெறம் போச்சுன்னா திரும்ப வராது, விலையும் அதோட போயிடும். பிரேசில் ரோஸ்வுட்ல செஞ்சதுன்னா வெளிநாட்டுக்கு விக்க பேப்பர் வேணும், 1992லேர்ந்து அந்த மரத்துக்கு சர்வதேச கட்டுப்பாடு இருக்கு.