பெல்லட் கிரில்லுக்கு ஒரு கொட்டகை: நான்கு பக்கமும் அடைக்காமல் கட்டுவது எப்படி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பெய்த மழையில் என் பெல்லட் கிரில், அதாவது மரக்குச்சியை எரித்துக் கறி சுடும் அடுப்பு, நனைந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். காற்று அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் மாட்டிவிட்டது. காலையில் ஹாப்பரை, அதாவது எரிபொருள் போடும் தொட்டியைத் திறந்தால் உள்ளே பெல்லட் இல்லை, மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்குதான் இருந்தது. இரண்டு நாளில் அது திருகாணிக் குழாய்க்குள் காய்ந்து கல்லாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்திக் குத்தி எடுத்த பிறகுதான் கொட்டகை போடும் புத்தி வந்தது.

பெல்லட் கிரில் நம் பக்கம் இன்னும் அபூர்வம். என்னுடையது டல்லாஸிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்த மச்சானின் சாமானோடு மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. மரத்தூளை அழுத்திப் பென்சில் கனத்தில் செய்த குச்சிகள்தான் பெல்லட். ஹாப்பரில் கொட்டினால் மோட்டார் சுற்றும் ஒரு திருகாணி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். கரண்டில் சூடேறும் ஒரு கம்பி பற்றவைக்கும், சின்ன ஃபேன் ஊதும், எவ்வளவு தள்ளுவது என்பதை ஒரு கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். ஆக, விறகடுப்பும் கரண்டும் ஒரே பெட்டிக்குள். இதில் கரண்டு சமாச்சாரத்துக்கு மழை ஆகாது, அடுப்புக்கு அடைத்த இடம் ஆகாது.

பட்டறைக்காரர் வந்து பார்த்ததும் சொன்ன முதல் யோசனை: "மூணு பக்கமும் ஷீட்டை அடிச்சு ஒரு கதவ வச்சுருவோம்ணே, சாரலே வராது." அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் மரம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ வாசனையோ கிடையாது, மூச்சில் போனால் தலை சுற்றும், ஆளையே சாய்த்துவிடும். குறைந்தது இரண்டு பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். என் கொட்டகையில் மூன்றரைப் பக்கம் திறப்பு. கார் நிறுத்தும் போர்டிகோவும் மூடிய பால்கனியும் இதற்கு ஆகாத இடங்கள்.

1. இடம் பார்ப்பது

வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வேண்டாம். மேலே மின்கம்பி போகக் கூடாது. வேப்ப மரத்தடி நிழல் இழுக்கத்தான் செய்யும். ஆனால் கோடையில் கூரை மேல் குவியும் காய்ந்த சருகுக்கு ஒரு பொறி போதும்.

மதுரைக்கு இரண்டு காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று; அம்மி பறக்காவிட்டாலும் சரியாகக் கட்டாத ஷீட் பறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையோடு வரும் காற்று. முதல் காற்றுதான் கூரையைத் தூக்கப் பார்க்கும், இரண்டாவது காற்று சாரலை உள்ளே அடிக்கும்.

நான் செய்த ஒரு காரியம்: நினைத்த இடத்தில் ஒரு சாம்பிராணித் தூபக்காலைக் காலையில், மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை வைத்துப் புகை எங்கே போகிறதென்று பார்த்தேன். சாயங்காலப் புகை நேராக எதிர்வீட்டுக் கொடித்துணிக்குப் போனது. இடத்தை ஆறடி நகர்த்தினேன். உறவு தப்பித்தது.

2. அளவு

தெற்கு வடக்காக 10 அடி, கிழக்கு மேற்காக 8 அடி. நான்கு தூண். மேற்குத் தூண்கள் 8 அடி உயரம், கிழக்குத் தூண்கள் ஒன்பதரை அடி. இந்தச் சரிவு காரணத்தோடுதான். ஆடிக்காற்று வரும் பக்கம் கூரை தாழ்ந்திருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்குவது குறையும். புகையும் சரிவைப் பிடித்து ஏறி உயரமான கிழக்குப் பக்கம் வெளியேறும். ஆனால் மழைச்சாரலும் அந்தப் பக்கம்தான் வரும் என்பதால் கிழக்கே கூரையை இரண்டரை அடி வெளியே நீட்டினேன். மேற்கே ஓரடி, மற்ற இரண்டு பக்கமும் ஓரடி. ஆக, 12 அடி நீள ஷீட் நான்கு. மேற்கு ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தகரம் வைத்துத் தென்னைக்குத் திருப்பிவிட்டேன்.

3. குழியும் தரையும்

தூணுக்கு ஒன்றரை அடிச் சதுரம், மூன்றடி ஆழம். கான்கிரீட் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு: சிமென்ட் ஒன்று, எம் சாண்ட் இரண்டு, முக்கால் ஜல்லி நாலு. ஒரு குழியில் ஏறக்குறைய 450 கிலோ இறங்கும். சின்னக் கொட்டகைக்கு எதற்கு இவ்வளவு என்று கொத்தனார் கேட்பார். கூரையின் எடையைத் தாங்க அல்ல, அது பறக்காமல் பிடித்து வைக்கத்தான். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண்ணில் கட்டுபவர்கள் இன்னும் ஆழம் போய், குழியின் அடியில் கிராவல் போட்டுத் திமிசால் இடித்துக்கொள்ளுங்கள். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், தூணையும் கூடவே ஆட்டும்.

கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே போல்ட்டுகளை நட்டு, பிறகு தூணின் அடிப்பிளேட்டை அதன்மேல் உட்காரவைத்து முடுக்குங்கள். தூணை மண்ணிலேயே புதைத்தால் அடி துருப்பிடித்துவிடும். நாலு குழிக்கும் மூலைமட்டம் பாருங்கள், குறுக்குமறுக்காக இரண்டு மூலைக்கும் டேப் பிடித்தால் அளவு ஒன்றாக வர வேண்டும்.

தரை நாலங்குல கான்கிரீட், சுற்றியுள்ள மண்ணைவிட அரை அடி உயரம். கிழக்கே ஓரங்குலம் வாட்டம் விட்டால் சாரல் தண்ணீர் வந்த வழியே போய்விடும். என் கொத்தனார் பழக்கதோஷத்தில் வாட்டத்தை மேற்கே, அரைச்சுவர் வரும் பக்கம் விட்டுவிட்டார். மேல்பூச்சைப் பெயர்த்து மறுபடி போட வேண்டியதாயிற்று, ஆகவே பூசும்போது கூடவே நில்லுங்கள். குழிக்கும் தரைக்கும் சேர்த்து பத்து மூட்டை சிமென்ட் போதும். ஒரு வாரம் தண்ணீர் கட்டுங்கள்.

மரப்பலகைத் தரையோ புல் விரிப்போ வேண்டாம். கீழே கொழுப்பு சொட்டும், எப்போதாவது கங்கு விழும்.

4. சட்டமும் கூரையும்

தூணுக்கு 3 அங்குலச் சதுர இரும்புப் பைப், இரண்டரை மில்லி கனம். மேலே தெற்கு வடக்காக இரண்டு உத்தரம், அவற்றின் மேல் கிழக்கு மேற்காக மூன்று சட்டம், அதற்கும் மேல் 2-க்கு 1 பைப்பில் ஐந்து வரிசை. கறுப்புப் பைப் வாங்கினால் ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்துவிட்டுப் பெயின்ட். ஜி.ஐ. பைப் என்றால் வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் எரியும் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சலே வரும். இதைப் பட்டறைக்காரரிடம் சொன்னபோது, பால் குடித்தால் சரியாகிவிடும் என்றார். பால் இதற்கு மருந்தில்லை. திறந்த வெளியில், காற்று முதுகுக்குப் பின்னால் இருக்க நின்று வைப்பதுதான் வழி.

கூரைக்குக் கலர் ஷீட், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூவோடு. கீற்று, பச்சை நிழல்வலை, ஃபைபர் ஷீட், தார்ப்பாய் எல்லாமே எரியக்கூடியவை. கீற்றுக்கொட்டகையின் குளிர்ச்சி எனக்கும் பிடிக்கும், ஆனால் அடுப்பை விடுங்கள், தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். கல்நார் அட்டையும் வேண்டாம், வெட்டும்போதும் துளைபோடும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் தெரியாமல் இருக்க ஷீட்டுக்கு அடியில் வெள்ளி நிற பபிள் ஷீட்டோ பி.வி.சி. சீலிங்கோ அடிப்பது இப்போது எல்லா வீட்டு மாடியிலும் வழக்கமாகிவிட்டது. புகைபோக்கிக்கு மேலே அதை அடிக்கக் கூடாது, உருகும், எரியும். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் நிற்க முடியாதுதான். சாயங்காலம் சமைத்துக்கொள்ளலாம்.

5. அரைச்சுவர்

மேற்கே மட்டும் நாலடி உயரத்துக்குச் செங்கல் சுவர். மேல்காற்று கிரில்லில் நேராக மோதாது, நெருப்பும் சீராக எரியும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் நாலடி திறப்பு அப்படியே இருக்கட்டும். சுவருக்கும் கிரில்லின் முதுகுக்கும் இரண்டடி விட்டிருக்கிறேன். எரியக்கூடிய எதுவும், அலமாரியோ நாற்காலியோ, மூன்றடிக்குள் வராது. உங்கள் கிரில்லோடு வந்த கையேட்டில் இதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

6. கரண்டு

இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: தனி லைன், மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முறையான எர்த், மழை புகாத மூடி வைத்த பிளக் பாயின்ட், தரையிலிருந்து நாலடி உயரத்தில். மேற்கே பார்த்து நின்றுதான் நான் சமைக்கிறேன். ஹாப்பர் இடது கைப் பக்கம், அதாவது தெற்கே; பிளக்கும் அந்தப் பக்கத் தூணில். வயர் கிரில்லுக்கு அடியிலோ காலில் இடறும்படியோ போகாது.

அமெரிக்காவிலிருந்து வந்த கிரில் என்றால் அது 120 வோல்ட். நம் 230-இல் நேராகச் சொருகினால் கன்ட்ரோலர் அங்கேயே தீர்ந்தது. பற்றவைக்கும் சில நிமிடம் 300 வாட் வரை இழுக்கும், அப்புறம் குறைவுதான். 500 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். அதைப் பெட்டிக்குள், காற்றோட்டத்தோடு, நனையாத இடத்தில் வையுங்கள்.

கரண்டு போனால் என்ன ஆகும் என்பதை அங்கே எழுதிய கையேடுகள் அரைப்பக்கத்தில் முடித்துவிடுகின்றன. நமக்கு அது முக்கியம். ஃபேன் நின்றதும் நெருப்பு புகைந்துகொண்டே திருகாணி வழியாக ஹாப்பரை நோக்கிப் பின்னால் ஏறக்கூடும். அதனால் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு இணைப்புக் கொடுத்திருக்கிறேன், சைன் வேவ் வகை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டுத்தொடையே வாங்குகிறேன். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், கரண்டு போனதும் மூடியைச் சாத்திவிட்டு ஹாப்பர் சூடாகிறதா, அதிலிருந்து புகை வருகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். கரண்டு வந்ததும் அப்படியே ஆன் செய்யாதீர்கள். கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிந்திருந்தால் ஒரேயடியாகப் பற்றும். ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலி செய்து, மூடியைத் திறந்து வைத்துப் புதிதாகப் பற்றவையுங்கள்.

7. கொட்டகைக்குள் இருக்க வேண்டியவை

ஒரு வாளி உலர்ந்த மணல். ஒரு பவுடர் தீயணைப்பான், கிரில்லுக்குப் பக்கத்தில் அல்ல, நீங்கள் ஓடி வரும் வழியில் உள்ள தூணில். கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியைச் சாத்தி, ஸ்விட்சை அணைத்து, காற்று போகாமல் செய்தால் தானே அடங்கும். சாம்பலுக்கு மூடி போட்ட தகர டப்பா. ஆறிவிட்டது என்று நினைக்கும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு கிடக்கும், பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள்.

பெல்லட்டை இறுக மூடும் டிரம்மில் வையுங்கள். பாய்லருக்கென்று விற்கும் பயோமாஸ் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். அதில் என்ன மரம், என்ன பசை என்று தெரியாது, அந்தப் புகையில் வேகும் கறியைத்தான் நாம் சாப்பிடப் போகிறோம்.

8. கிரில்லை உள்ளே கொண்டுவருவது

முதலில் அதே சாம்பிராணியை இப்போது கிரில் நிற்கப்போகும் இடத்தில் போடுங்கள். புகை கூரைக்கடியில் தங்காமல் கிழக்கே வழிந்து போனால் சரி, சுருண்டு கீழே இறங்கினால் எங்கோ அடைத்திருக்கிறீர்கள். பிறகு கிரில்லை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டி, கறி எதுவும் வைக்காமல் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். தலைக்கு மேல் ஷீட்டையும் பிளக்கையும் இடையிடையே கவனியுங்கள். பிளக் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போனால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

முழுக்க ஆறிய பிறகுதான் உறை. அடுத்த முறை பற்றவைக்கும் முன் புகைபோக்கிக்குள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து நாள் சும்மா விட்டிருந்தேன், குளவி உள்ளே மண்கூடு கட்டி வைத்திருந்தது. கன்ட்ரோலர் பின்னால் ஒரு பல்லி.

அந்தத் தார்ப்பாய் இன்னும் கொய்யா மரத்தில்தான் இருக்கிறது. அணில் ஒன்று அதற்குள் குடித்தனம் போட்டிருப்பதால் எடுக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டார்.