இலை பார்க்கப் போகிறவர்கள் தேதியை நம்பாதீர்கள்

பாஸ்டனுக்கு மேற்கே நாங்கள் குடிவந்து 11 வருடம் ஆகிறது. அதில் ஒன்பது தடவை, பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷரின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைப்பக்கம், இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் இலை பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். ஒன்பதில் மூன்று பயணம் வீண். ஒரு வருடம் சீக்கிரமே போய்விட்டோம், மலை முழுக்கப் பச்சை. இன்னொரு வருடம் முந்தின இரவு அடித்த காற்றில் பாதி மரம் மொட்டையாகிவிட்டது. மூன்றாவது வருடம் நிறம் பிரமாதம், ஆனால் நான் அதிகம் பார்த்தது முன்னால் நின்ற காரின் பின்விளக்கைத்தான்.

அந்தப் பச்சை வருடத்தை விட்டால், மற்ற இரண்டிலும் செய்த தப்பு ஒன்றே. ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். ஆபீசில் யாரைக் கேட்டாலும் கொலம்பஸ் டே வாரக்கடைசி என்பார்கள். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையை ஒட்டி வரும் மூன்று நாள் விடுமுறை அது. சராசரிக்கு அது சரியான நாள்தான். ஆனால் அந்தச் சராசரி ஊருக்கே தெரியும். ஐ-93 நெடுஞ்சாலையில் லிங்கன் ஊருக்குத் திரும்பும் 32-ஆம் எக்ஸிட்டிலேயே வரிசை தொடங்கிவிடும். அங்கிருந்து கிழக்கே கான்வே வரை போகும் கான்கமாகஸ் சாலை 35 மைலுக்குச் சற்றுக் குறைவு. சாதாரண நாளில் ஒரு மணி நேரம். அன்று எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது.

இப்போது நான் திட்டமிடுவது தேதியை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. நிறம் வடக்கிலிருந்து தெற்கே வரும், மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். மாநிலத்தின் வடகோடியில் டிக்ஸ்வில் நாட்ச் (நாட்ச் என்றால் மலையிடுக்கு) பக்கம் செப்டம்பர் கடைசியிலேயே உச்சம் வந்துவிடும். கான்கமாகஸ் பக்கம் அக்டோபர் முதல் இரண்டு வாரம். வின்னிபெசாகி ஏரிக்கு அக்டோபர் நடுவில். எங்கள் தெருவுக்கு மாதக் கடைசியில். ஒரே சாலையிலும் இந்தக் கணக்கு உண்டு. லிங்கன் ஊர் ஏறக்குறைய 800 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அரை மணிக்குள் ஏறிவிடக்கூடிய கான்கமாகஸ் கணவாய் 2,855 அடி. மேலே இலை உதிர்ந்திருந்தால் நடுவில் கொழுந்துவிட்டு எரியும். நடுவில் உதிர்ந்திருந்தால் அடிவாரத்தில் இருக்கும். உயரமும் தாழ்வும் பக்கத்தில் இருக்கிற ஊராகப் பார்த்துத் தங்கினால், தேதி ஒரு வாரம் முன்பின் ஆனாலும் ஏதோ ஓர் அடுக்கு கையில் சிக்கும்.

சீக்கிரமே போய், மலை முழுக்கப் பச்சையைப் பார்த்து ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் நடுவிலேயே நெடுஞ்சாலை ஓரத்துச் சதுப்பு நிலங்களில் ஒன்றிரண்டு மரம் சிவந்து நிற்கும். அது ரெட் மேப்பிள், காலில் தண்ணீர் நிற்கும் இடத்தில் அது எப்போதும் முந்திக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "ஆரம்பிச்சிருச்சு" என்று நான் குதித்து, குடும்பத்தையே கிளப்பினேன். பார்க்க வேண்டியது மலைச்சரிவில் இருக்கும் சுகர் மேப்பிளை. ஆரஞ்சு நிறம் அதனுடையது. மஞ்சள் பிர்ச் மரம், செம்புநிறம் பீச் மரம். ஓக் கடைசியில்தான் மாறும்.

மஞ்சள் எந்த வருடமும் ஏமாற்றாது, ஏனென்றால் அது இலைக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. பச்சையம் குறையும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு அப்படியல்ல. இலை அந்தக் கடைசி நாட்களில், தன்னிடம் தேங்கிய சர்க்கரையை வைத்துப் புதிதாகத் தயாரிக்கும் நிறம் அது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி வரை போகாத குளிர், இரண்டும் சேர்ந்து ஒரு வாரம் கிடைத்தால் சிவப்பு தூக்கலாக வரும். அதனால் செப்டம்பர் 20 தாண்டியதும் நான் லிங்கன் ஊரின் இரவு வெப்பநிலையைத் தினமும் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். நியூ ஹாம்ப்ஷர் சுற்றுலாத் துறை பகுதிவாரியாக நிற நிலவரம் போடுகிறது. மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகத்தின் கேமராக்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இரண்டில் கேமராவைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

தங்குமிடத்தை முன்பதிவு செய்வதில்தான் பலரும் சறுக்குவார்கள். நாங்கள் ஒரு வருடம் ஜூன் மாதமே, ரத்து செய்தால் பணம் திரும்பாத ஒரு வீட்டைப் பிடித்தோம். காற்றில் இலை கொட்டியது அந்த வருடம்தான். இப்போது ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்கும் பதிவு செய்துவிடுவேன். நிலவரம் தெரிந்ததும் ஒன்றை விட்டுவிடுவேன். லிங்கனிலும் நார்த் வுட்ஸ்டாக்கிலும் வாரக்கடைசி வாடகை மூச்சை நிறுத்தும். வடக்கே லிட்டில்டன், தெற்கே பிளிமத், இரண்டும் அரை மணி தூரம்தான், பர்ஸுக்கும் கொஞ்சம் இதம்.

முடிந்தால் செவ்வாய், புதனில் போங்கள். குழந்தைகளுக்குப் பள்ளி போகுமே என்பீர்கள். போகட்டும், ஒரு நாள். எங்கள் வீட்டில் பெரிய சிக்கல் பள்ளி அல்ல, கொலு. 2024-ல் நவராத்திரி அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கி, விஜயதசமி அந்த நீண்ட விடுமுறையின் சனிக்கிழமையிலேயே வந்து நின்றது. நடுவில் ஒரு புதன்கிழமை, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டுவிட்டு விடிவதற்கு முன் கிளம்பி ராத்திரி திரும்பினோம். எங்கள் வீட்டிலிருந்து லிங்கனுக்கு இரண்டரை மணி நேரம், ஒரே நாளில் முடிகிற காரியம்தான். ஆனால் ஓட்ட இரண்டு பேர் வேண்டும்.

சரி, வழி. பெரும்பாலானவர்கள் 32-ஆம் எக்ஸிட்டில் இறங்கி நேராகக் கான்கமாகஸில் ஏறிவிடுவார்கள். காலையில் அதைச் செய்யாதீர்கள். ஐ-93-லேயே மேலே போய், பிராங்கோனியா நாட்சில் 34சி எக்ஸிட்டில் இறங்குங்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் எக்கோ லேக் பக்கம் வண்டி நிறுத்த இடம் இருக்கும். ஆர்ட்டிஸ்ட்ஸ் பிளஃப் என்ற பாறைக்கு அங்கிருந்து 20 நிமிட ஏற்றம். செங்குத்துதான், கைப்பிடி எதுவும் கிடையாது. மேலே நின்றால் ஏரியும் இருபுறமும் நிறம் பூசிய சரிவும் நடுவில் நெடுஞ்சாலையும் ஒரே பார்வையில் விழும். எங்கள் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த வருடம், மூட்டுவலி காரணமாக அவர் ஏரிக்கரையிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இறங்கி வந்ததும், "ஏட்டி, உதிரப்போற இலையைப் பாக்கவா அஞ்சு மணிக்கு எழுப்புனே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நம்ம பள்ளிக்கூடத்து வாதாங்கொட்டை மரத்து இலையும் இப்படித்தான் செக்கச்செவேல்னு ஆகும், ஒருத்தரும் டிக்கெட் போட்டு வரல" என்றார். உண்மைதான்.

அங்கிருந்து 35-ஆம் எக்ஸிட், பிறகு ரூட் 3 பிடித்து ட்வின் மவுண்டன், அதன்பின் ரூட் 302-ல் கிழக்கே. பிரெட்டன் உட்ஸில் சாலைக்கு இடப்பக்கம், சிவப்புக் கூரையும் வெள்ளைச் சுவருமாக ஒரு பிரம்மாண்ட ஹோட்டல் தெரியும். பின்னணியில் 6,288 அடி மவுண்ட் வாஷிங்டன். சில வருடம் அக்டோபரிலேயே உச்சியில் பனி விழுந்திருக்கும், அப்போது மேலே வெள்ளை, நடுவில் கரும்பச்சை, கீழே தீ. 1944 ஜூலையில் 44 நாடுகள் கூடி சர்வதேச நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளம் போட்டது இந்த ஹோட்டலில்தான். இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். பாவம், அவர் வந்தது ஜூலையில். இலை பச்சையாக இருந்திருக்கும்.

அடுத்து கிராஃபோர்டு நாட்ச். இருபுறமும் மலை நெருங்கிவந்து சாலையை நடுவில் பிடித்துக்கொண்டது போல இருக்கும். சில்வர் காஸ்கேட் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது, மூட்டுவலிக்காரர்கள் காரிலிருந்து இறங்க வேண்டியதில்லை. கொஞ்சம் கீழே வில்லி வீடு இருந்த இடம். 1826 ஆகஸ்டில் நிலச்சரிவு வரும் சத்தம் கேட்டு வீட்டைவிட்டு ஓடிய குடும்பம் முழுவதும் மண்ணில் புதைந்துபோனது. வீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த பாறைமேடு சரிவை இரண்டாகப் பிளந்து விலக்கிவிட்டது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் நாங்கள் மதியச் சாப்பாட்டைப் பிரிப்போம். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தெர்மாஸில் காபி. தயிர்சாதம் வேண்டாம், அந்தக் குளிரில் தொண்டைக்குள் இறங்காது. கான்கமாகஸில் பெட்ரோல் பங்க்கும் கிடையாது, சாப்பாட்டுக் கடையும் கிடையாது. வழியில் வரும் பார்ட்லெட் ஊரைத் தாண்டுவதற்குள் டேங்க்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ட்லெட்டில் வலப்பக்கம் பேர் நாட்ச் ரோடு பிரியும். ஒன்பது மைல், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அக்டோபரில் திறந்திருக்கும். இந்த முழுச் சுற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கிளைகள் சாலைமேல் கவிந்து, காருக்குள் வெளிச்சமே மஞ்சளாக விழும். அது கான்கமாகஸில் போய் முட்டும். வலப்பக்கம், அதாவது மேற்கே லிங்கனை நோக்கித் திரும்புங்கள். மணி மூன்று ஆகியிருக்கும், காலைக் கூட்டத்தில் பாதி கலைந்திருக்கும். வழியில் சப்பாடே அருவிக்கு அரை மைலுக்கும் குறைவான நடை, கடைசியில் மட்டும் படிகள். வண்டி நிறுத்த ஒரு நாளைக்கு ஐந்து டாலர். உறையில் போட்டுப் பெட்டிக்குள் தள்ள வேண்டும், எனவே சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் இருந்தால் அதுவே போதும்.

மேற்கே ஓட்டினால் வெயில் கண்ணில் அடிக்குமே என்று என் கணவர் ஒவ்வொரு வருடமும் முனகுவார். அடிக்கட்டும். இலைக்குப் பின்னால் சூரியன் இருந்தால்தான் அது விளக்கு மாதிரி எரியும். முன்னால் இருந்து அடிக்கிற மதிய வெயிலில் வெளுத்துப்போகும். கணவாயைத் தாண்டியதும் பெமிஜவாசெட் ஓவர்லுக் என்ற காட்சிமுனை வரும், அங்கே நிறுத்திச் சூரிய அஸ்தமனத்தைப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரங்களில் ஆறேகால் சுமாருக்கு. மேலே லிங்கனைவிட ஏழெட்டு டிகிரி (ஃபாரன்ஹீட்) குளிராக இருக்கும், குல்லாவும் கையுறையும் காரின் பின்பெட்டியில் அல்ல, மடியில் இருக்கட்டும்.

இருட்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மூஸ் என்ற ராட்சத மான் வரும் சாலை. சாதாரண மானுக்கு நிறுத்துவது போல நினைக்காதீர்கள். அதன் கால் அவ்வளவு உயரம், இடித்தால் கால் பம்பரில், உடம்பு முன்கண்ணாடியில். ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே அதன் கண் இருப்பதால் மினுக்கிக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

மழை என்று வானிலை அறிக்கை சொன்னால் ரத்து செய்யாதீர்கள். நனைந்த மரப்பட்டை கறுத்துப்போய், இலையின் நிறம் இன்னும் கூடித்தெரியும், கூட்டமும் இருக்காது. பலத்த காற்று என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும், அதற்கு முந்தின நாளே கிளம்பிவிட வேண்டும்.

ஞாயிறு திரும்புவதாக இருந்தால் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை ஐ-93 தெற்கே ஊர்ந்துகொண்டிருக்கும். லிங்கனிலேயே சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்புங்கள். அப்புறம் கராஜில் இலை வாரும் ரேக்கும், பழுப்புக் காகிதப் பைகள் ஒரு கட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதே நிறம் நம் வாசலுக்கு வந்துவிடும், ஓசியில். போன வருடம் எங்கள் வீட்டில் 23 பை.