ரெக்ரூட் பையன்களே, வலியை மறைக்காதீர்கள், லீவு தாண்டாதீர்கள்

ராணுவத்துக்குத் தயாராகும் பையன்கள் விடிகாலையில் மைதானத்தில் ஓடுவதைப் பார்க்கிறேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஷூ நாடாவை எப்படிக் கட்டுவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதையெல்லாம் உஸ்தாத், அதாவது பயிற்சி தருபவர், சொல்லித் தந்துவிடுவார். அதை விடுங்கள். நீங்கள் செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கால் வலியை மறைப்பது

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும். ஒரே இடத்தில் விரலால் அழுத்தும்போது சுரீர் என்றால், படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். உடனே எம்ஐ ரூம், அதாவது முகாமின் மருத்துவ அறைக்குப் போங்கள். 'ரெலிகேட் ஆகி ஜூனியர் பேட்ச்சுக்குப் போய்விடுவேனே' என்று பயந்து ஓடினால் விரிசல் முறிவாகும்.

லீவு தாண்டுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. முதல் லீவில் தங்கை நிச்சயதார்த்தத்துக்காக மூன்று நாள் கூடுதலாக வீட்டில் இருந்தேன். போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டதே என்று தைரியம். திரும்பியதும் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லி, லெஃப்ட் ரைட் என்று சிஓ, அதாவது கமாண்டிங் ஆபீசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். "யாரிடம் சொன்னாய்?" என்றார். "போன் எடுத்தவரிடம், சாப்." அறையில் யாரும் சிரிக்கவில்லை. 14 நாள் லைன்ஸை (சிப்பாய்கள் தங்கும் இடத்தை) விட்டு வெளியே போகக்கூடாது என்று தண்டனை. மூன்று நாள் சம்பளமும் போயிற்று.

நான் தப்பித்தது அதிர்ஷ்டம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவில், போதிய காரணமில்லாமல் லீவு தாண்டுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 30 நாள் கடந்தால் 106ஆம் பிரிவின்படி விசாரணை மன்றம் கூடி, ஆள் வராததைப் பதிவு செய்யும். அதன் பிறகும் ஆள் வரவில்லை என்றால் ஓடிப்போனவன் என்றே கணக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு தவறையும் சேர்த்தே செய்தான். பயிற்சியில் கால் வலியை மறைத்தான். லீவில் வந்த இடத்தில் நடக்கவே முடியவில்லை. கட்டுப் போடுகிறவரிடம் போய்க் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான். 'கால் சரியானதும் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்' என்பது வீட்டாரின் கணக்கு. ஐந்தாவது வாரம் கையில் ஒரு காகிதத்தோடு போலீஸ்காரர் வாசலில் நின்று அப்பா பெயரைக் கேட்டார். ராணுவம் போலீசுக்கு எழுதித் தேட வைப்பது வழக்கமான நடைமுறைதான் என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பையனிடம் நியாயமான காரணம் இருந்தது. அதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

லீவில் உடம்பு முடியாமல் போனால் லீவு சர்டிபிகேட்டோடு ராணுவ மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் வெலிங்டனிலும் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் அரசு மருத்துவமனைச் சீட்டு வாங்குங்கள். லீவு முடிவதற்கு முன்பே யூனிட்டுக்கு எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராதவரை லீவு நீண்டதாக அர்த்தமில்லை. போனும் பண்ணுங்கள், ஆனால் எடுத்தவர் பெயர், ரேங்க், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் பொய்

எழுதாதீர்கள். 44ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை.

வலி என்று நடிப்பது

46ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. உண்மையிலேயே வலிக்கிறவன் எம்ஐ ரூம் போகக் கூசுவதற்கு இந்த நடிகர்களும் ஒரு காரணம்.

ரகடாவில் எதிர்த்துப் பேசுவது

ரகடா என்றால் தண்டனையாகத் தரும் கடும் உடற்பயிற்சி. பிட்டு (முதுகுப் பை) மாட்டிக்கொண்டு ஓடு என்றால் ஓடுங்கள். கைநீட்டி அடித்தால் விஷயமே வேறு. கீழே உள்ளவரை அடிப்பது 47ஆம் பிரிவில் குற்றம். அப்போதும் மைதானத்தில் மல்லுக்கு நிற்காமல், 26ஆம் பிரிவின்படி கம்பெனி கமாண்டரிடம் புகார் கொடுங்கள். அடித்தவர் அவரே என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம்.