808-ஐ விரிக்காதீர்கள்: ஹிப் ஹாப் மிக்ஸிங்கில் தவிர்க்க வேண்டிய பேனிங் தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் என் பதிவு அறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் என்னை அண்ணா என்பார்கள், மீதிப் பேர் சேட்டா. ஒரே பாட்டில் நாலு வரி தமிழில் வரும், அடுத்த நாலு மலையாளத்தில். மிக்ஸிங்கில் பேனிங் செய்யும்போது, அதாவது ஒவ்வொரு ஒலியையும் இடம், வலம், நடு என்று பிரித்து வைக்கும்போது, செய்யும் தவறுகள் மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் பொது. எல்லாம் நான் ஒரு காலத்தில் செய்தவைதான். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே சரியாகும்.

ஒரே குரலை இரண்டு பக்கமும் ஒட்டுவது

ஹூக்கை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பல்லவியை) அகலமாக்க, பதிவான குரலை நகலெடுத்து ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைக்கிறார்கள். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் காதுக்கு அது நடுவிலிருந்தே கேட்கும், சத்தம்தான் கூடும். மறுபடி பாடிப் பதிவு செய்யுங்கள். இரண்டாம் முறை பாடும்போது மூச்சும் எழுத்தும் நூலிழை விலகுமே, அகலம் அங்கிருந்துதான் வருகிறது. தொண்டை வலிக்கிறது என்பவருக்குச் சுக்குக் காப்பி தருவேன். நகலெடுக்க விடமாட்டேன்.

808-ஐ விரிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ரோலண்ட் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 டிரம் இயந்திரத்தின் நீண்ட கிக் (பெரிய டிரம்) ஒலிதான் இன்று எல்லோரும் 808 என்று சொல்லும் பேஸ், அதாவது அடிநாதம். ஒரு பாட்டில் அது எனக்கு ஒல்லியாகத் தோன்றியது. வலப்பக்கத்தை 10 மில்லி விநாடி தாமதப்படுத்தினேன். ஹெட்போனில் அறையே விரிந்தது போலிருந்தது. பெருமையாகக் கொடுத்தனுப்பினேன்.

வேலந்தாவளத்தில் ஒரு கோயில் திருவிழாவில் அதைப் போட்டார்கள். வரிகளின் நடுவே பேஸ் காணாமல் போனது. ஹூக் வந்ததும் திரும்பி வந்தது. மைக் செட்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக, “இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் விடுகிறேன் தம்பி. இல்லாவிட்டால் அந்தப் பக்கம் நிற்பவனுக்குப் பாதிப் பாட்டுதானே கேட்கும்?” என்றார். அவர் செய்தது சரி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பாட்டின் பேஸ் சுரம் ஜி, 49 ஹெர்ட்ஸ். ஒரு முழு அலைக்கு ஏறத்தாழ 20 மில்லி விநாடி. பத்து என்பது அதில் சரிபாதி. இடப்பக்க அலை மேலேறும்போது வலப்பக்க அலை கீழிறங்குகிறது; இரண்டையும் சேர்த்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஹூக்கில் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே, 98 ஹெர்ட்ஸில் வாசித்திருந்தேன். அங்கே இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. அதனால்தான் அது மட்டும் தப்பியது. நானோ ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வித்தையால் பேஸுக்கு ஆதாயமும் இல்லை. 49 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். நம் இரண்டு காதுகளுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. இவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரித்துச் சொல்வதே கடினம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நடுவில் மோனோவாக, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக, விட்டுவிடுங்கள். அகலம் வேண்டுமென்றால் மேல்பகுதியைத் தனி டிராக்கில் பிரித்து, இரு பக்கமும் வெவ்வேறு டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கொடுங்கள். தாமதத்தைத் தொடாதீர்கள்.

பழைய ஸ்டீரியோ இசைத்தட்டை அப்படியே சாம்பிள் எடுப்பது

1960-களின் ஸ்டீரியோ தட்டுகள் பலவற்றில் டிரம்ஸ் முழுவதும் ஒரு பக்கமும் பாடகர் மறுபக்கமும் இருப்பார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி (அதுதான் சாம்பிள்) நம் பாட்டில் அப்படியே போட்டால் பாட்டு ஒரு பக்கம் சாயும். ஆனால் வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்து நடுவில் வைத்தால், குரல் கலக்காத டிரம்ஸ் சும்மா கிடைக்கிறது. இது தவறா, வரமா என்று எனக்கே சந்தேகம்.

ஹை-ஹாட்டை ஒரு காதின் கோடிக்குத் தள்ளுவது

வேண்டாம். டிரம்ஸில் ‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஒலிக்கும் அந்த ஜோடித் தட்டை நடுவிலிருந்து கால்வாசி தள்ளினால் போதும்.

ஹெட்போனில் மட்டும் பேன் செய்வது

ஹெட்போனில் இடப்பக்க ஒலி வலக்காதுக்குப் போவதில்லை. ஸ்பீக்கரில் இரண்டு காதுகளுக்கும் போகிறது. அதனால் ஹெட்போனில் வைத்த இடம் ஸ்பீக்கரில் அதே இடமாக இருப்பதில்லை. இரண்டிலும் கேட்டபின் மோனோ பொத்தானை அழுத்தி ஒருமுறை கேளுங்கள். என் மேசைக்கடியில் அதற்கென்றே ஒற்றை ஸ்பீக்கர் ஒன்று கிடக்கிறது. பையன்கள் அதற்கு வேலந்தாவளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.