நோகாத புண்ணை நம்பாதீர்கள்: சீனி வருத்தக்காரர் காயத்தில் விடும் பிழைகள்

வேலி அடைக்கும்போது கருக்குமட்டை கீறும். தோட்டத்தில் முள் ஏறும். புதுச் செருப்பு கடிக்கும். யாழ்ப்பாணத்தில் இதற்கெல்லாம் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஆனால் நீரிழிவு உள்ள ஒருவரிடம் காலில் என்ன புண் என்று கேட்டால், “அது சும்மா, நோகேல்லை” என்று சொல்வார் பாருங்கள், அங்கேதான் முதல் பிழை தொடங்குகிறது.

இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் உணர்வை இழக்கின்றன. செருப்பைத் துளைத்த ஆணியோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவில் நிலத்தில் இரத்தக்கறையைக் கண்ட பிறகே தெரிய வருவது உண்டு. காலுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் ஒடுங்கியிருந்தால் புண் ஆறத் தேவையான இரத்தமும் போதாது. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் சீனி கூடிய இரத்தத்தில் மந்தமாகிவிடும். அதனால் உள்ளே கிருமி எலும்பு வரை போயிருந்தும் வெளியே நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்ற நிலை வரலாம். நோவு இல்லாத காலைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தினமும் இரவில் உள்ளங்கால், குதி, விரலிடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்தது, புண்ணில் கண்டதையும் போடுவது. மஞ்சள்தூள், கோப்பித்தூள், பற்பசை, வீட்டில் மிஞ்சிக் கிடந்த கப்சூலை உடைத்த தூள் எல்லாம் போடுகிறார்கள். இவை புண்ணை மூடிவிடும், கிருமியை அகற்றாது. மருத்துவர் பார்க்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஸ்பிரிட்டும் தண்ணீர் கலக்காத டெட்டோலும் புதிதாக முளைக்கும் தசையையே எரித்துவிடும். கொதித்தாறிய நீரால் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, கோஸ் வைத்துக் கட்டினால் முதலுதவிக்குப் போதும். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைப்பது இன்னும் மோசம், சூடு தெரியாத கால் வெந்துபோகும். ஆணிக்காலையும் தடித்த தோலையும் பிளேட்டால் சீவுவதும் அப்படித்தான்.

இனி, பலரும் கவனிக்காத பெரிய பிழைக்கு வருவோம். ஒழுங்காகப் போய் மருந்து கட்டுவார்கள், கட்டிய காலோடு சந்தைக்கு நடப்பார்கள். உள்ளங்காலில் புண் இருந்தால் ஒவ்வோர் அடியிலும் முழு உடம்பின் பாரமும் அதன் மேல்தான் விழுகிறது. காலையில் முளைத்த தசை மாலைக்குள் நசிந்துவிடும். நோவு தெரிந்தவர் தானாகவே நொண்டி நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வார். நரம்பு மரத்தவருக்கு அந்தக் காவல் இல்லை. எந்தக் களிம்பு நல்லது என்று கேட்பவர்கள், எவ்வளவு நடக்கலாம் என்று கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பாரத்தைக் குறைக்கும் செருப்பா, ஊன்றுகோலா, கட்டிலில் ஓய்வா என்பதை மருத்துவர் சொல்வார்.

கோயில் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாளும் ஆடி, ஆவணி வெயிலில் மணலும் தார் வீதியும் எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். உணர்வு குறைந்த கால் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வெயில் ஏறுமுன் போய் வாருங்கள். திறந்த புண் உள்ளவர்கள் வெறுங்காலோடு போக வேண்டாம், செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடக்கும் எண்ணத்தையும் இந்த வருடம் தள்ளி வையுங்கள். முருகன் குறை நினைக்க மாட்டான்.

புண் வந்தால் கிரந்தி, அதாவது புண்ணைக் கூட்டும் சாப்பாடு, என்று மீன், இறால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, சோறும் சொதியுமாகக் கொடுக்கும் வீடுகள் உண்டு. பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் தசை வளரப் புரதம் வேண்டும், சோறு மட்டும் சீனியைத்தான் ஏற்றும். மீனும் முட்டையும் பருப்பும் கொடுங்கள். சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிருமி தொற்றினால் சீனி தானாகவே ஏறும். அப்போது மருத்துவர் கொஞ்சக் காலத்துக்கு இன்சுலின் போடச் சொன்னால், ஊசி தொடங்கினால் நிறுத்தேலாது என்று மறுக்கிறார்கள். தொற்று அடங்கியதும் பலர் மீண்டும் குளிசைக்கே வருகிறார்கள். புண் காய்ந்ததுபோல் தெரிகிறது என்று அன்ரிபயோடிக்கைப் பாதியில் விடுவதும் கூடாது. சுருட்டையும் சிகரெட்டையும் விடாமல் காலுக்கு இரத்தம் ஓடவில்லை என்று கவலைப்பட்டுப் பயனில்லை.

மாரி காலத்தில் வயலில் இறங்குபவர்களுக்கு இன்னொன்று. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியா கீறல் வழியாக உடம்புக்குள் போய் மெலியோய்டோசிஸ் என்ற கடும் நோயைத் தருகிறது. இலங்கையில் இது இருக்கிறது. மற்றவர்களைவிட நீரிழிவுக்காரருக்கே இது வரும் ஆபத்து மிக அதிகம். பூட்ஸ் போடுங்கள், காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். பிறகு காய்ச்சல் வந்தால் வயலில் நின்றதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலை வெட்டிப்போடுவார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவோரை நினைத்தால் மனம் கனக்கிறது. நேரத்தோடு வந்தால் சுத்தம் செய்து, சிதலை (சீழை) வெளியேற்றி, மருந்து கட்டி அனுப்பக்கூடிய புண், பிந்தி வருவதால் விரலையும் காலையும் கேட்கிறது. அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கத் தேவையில்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, வீக்கம், சூடு, சிதல், கெட்ட மணம், விரல் கறுப்பது, காரணமில்லாமல் சீனி ஏறுவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே போங்கள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிதான் என்றில்லை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் பார்க்கலாம். நெடுந்தீவில் இருப்பவர்கள் நாளைய படகைப் பார்ப்போம் என்று இருக்காமல் தீவிலுள்ள வைத்தியசாலையில் உடனே காட்டுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியும், குடிக்கிற குளிசைகளும், வழமையாகப் போடும் செருப்பும் கையோடு இருக்கட்டும். புண் எங்கிருந்து வந்தது என்பதைப் பல நேரம் அந்தச் செருப்பே காட்டிவிடும்.