டிஸ்க் பிளேயரை ரிசீவருடன் இணைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ளூ-ரே பிளேயரை ஏ.வி. ரிசீவருடன் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பகிரும் பெட்டி) இணைப்பதில் நேரும் தவறுகள் எளிதில் பிடிபடுவதில்லை. பிழையான இணைப்பிலும் ஒலி வரத்தான் செய்கிறது என்பதே காரணம். மூல ஒலியில் எதையும் இழக்காத டால்பி ட்ரூஎச்டி தடம் உள்ள ப்ளூ-ரே வட்டில் அதற்குத் துணையாகச் சாதாரண டால்பி டிஜிட்டல் தடமும் இருந்தாக வேண்டும் என்பது விதி; அதேபோல் இழப்பற்ற டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவுக்குள்ளும் பழைய டிடிஎஸ் கருவாகப் பொதிந்திருக்கிறது. உயர்ந்த தடத்தைச் சுமக்க முடியாத கேபிளைச் செருகினால், பிளேயர் எந்த எச்சரிக்கையும் தராமல் தாழ்ந்த தடத்தை அனுப்பிவிடும். எனவே எந்த இணைப்பைச் செய்தாலும், காதை மட்டும் நம்பாமல் ரிசீவரின் முகப்புத் திரையில் எந்த வடிவத்தின் பெயர் தெரிகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்த மௌனமான இறக்கத்துக்கு மிகுதியும் ஆளாகிறவர்கள் ஆப்டிகல் கேபிளை நம்புகிறவர்கள். ஒளியால் செல்வதாயிற்றே, இதைவிடத் தூய்மையான வழி ஏது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஆனால் 1983இல் டோஷிபா நிறுவனம் இந்த இணைப்பைக் கொண்டுவந்தபோது, சிடியின் இரண்டு சேனல் ஒலியைக் கடத்துவதே நோக்கமாக இருந்தது. பின்னாளில் சுருக்கப்பட்ட 5.1 ஒலியும் (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் உரியது) அதே வழியில் செல்லுமாறு செய்யப்பட்டது: ப்ளூ-ரேயின் டால்பி டிஜிட்டல் விநாடிக்கு 640 கிலோபிட் வரை, டிடிஎஸ் ஏறத்தாழ 1,500 கிலோபிட் வரை. 18 மெகாபிட் வரை ஏறக்கூடிய ட்ரூஎச்டிக்கு அங்கே இடமில்லை, சுருக்கப்படாத 5.1 எண்ணொலியான பிசிஎம்முக்கும் இடமில்லை. மின்சமிக்ஞையைக் கடத்தும் கோஆக்சியல் கேபிளில் செல்வதும் இதே தரவுதான் என்பதால், இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் பொருள் குறைவு. மின்தரை வழியாக ‘உம்ம்’ என்ற இரைச்சல் வரும் வீடுகளில் ஆப்டிகல் அதைத் துண்டித்துவிடும். கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். வேறுபாடு அவ்வளவே. டிவிடிக்கும் சிடிக்கும் இவை இன்றும் போதும்.

ப்ளூ-ரேக்குப் படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் எச்டிஎம்ஐதான் சரி என்று முடிவெடுத்தவர்கள்கூட, தங்கள் ரிசீவர் பழையது என்பதால் அதைத் தூக்கிப்போட வேண்டும் என நினைப்பது இன்னொரு தவறு. ட்ரூஎச்டியையும் டிடிஎஸ்-எச்டியையும் பிட்ஸ்ட்ரீமாக, அதாவது பிரிக்காமல் அப்படியே, அனுப்பும் வசதி 2006இல் வந்த எச்டிஎம்ஐ 1.3 பதிப்பில்தான் சேர்ந்தது. ஆனால் எட்டு சேனல் பிசிஎம் ஒலியைக் கடத்தும் திறன் 2002இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. ஆகவே பிளேயரே தடத்தைப் பிரித்துப் பிசிஎம்மாக அனுப்பும்படி அமைத்துவிட்டால், பல சேனல் பிசிஎம்மை ஏற்கும் பழைய ரிசீவரிலும் ஒலி இழப்பில்லாமல் வந்து சேரும். இவை இழப்பற்ற வடிவங்கள் என்பதால், எந்தப் பெட்டி பிரித்தாலும் விடை ஒன்றே. இந்த விதிக்கு விலக்கு, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ்: பிளேயர் பிசிஎம்மாக மாற்றும்போது உயரத்துக்கான குறிப்புகள் உதிர்ந்து, சாதாரண 7.1 மட்டுமே மிஞ்சும். அட்மாஸ் ரிசீவர் வைத்திருப்பவர்கள் பிட்ஸ்ட்ரீமையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படித் தேர்ந்தெடுத்த பிறகும் திரையில் அட்மாஸ் என்ற சொல் வராவிட்டால், ரிசீவரைச் சந்தேகிப்பதற்கு முன் பிளேயரின் ஒலி மெனுவில் ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். மெனுவின் கிளிக் ஓசையையும் இயக்குநரின் விளக்கவுரையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக, பிளேயர் மூலத் தடத்தைப் பிரித்து மீண்டும் தாழ்ந்த வடிவத்தில் கட்டுகிறது. ஒரு கிளிக் ஓசைக்காக இவ்வளவையும் இழப்பது நியாயமில்லை.

பிளேயரைத் தொலைக்காட்சியில் செருகி, அங்கிருந்து ரிசீவருக்கு ஒலியைக் கொண்டுபோவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், ஒலிக்கு நல்லதன்று. தொலைக்காட்சியின் ஆப்டிகல் வாயில் பல மாடல்களில் வெளியிலிருந்து வந்த 5.1 ஒலியை இரண்டு சேனலாகக் குறைத்துவிடுகிறது. தொலைக்காட்சியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் பழைய ஏஆர்சி ட்ரூஎச்டியைக் கடத்தாது; அதன் புதிய வடிவமான இஏஆர்சி கடத்தும், ஆனால் தொலைக்காட்சியும் ரிசீவரும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். ரிசீவரால் 4கே படத்தைக் கடத்த முடியவில்லை என்பதற்காக இந்தச் சுற்றுவழியை நாடுகிறவர்களுக்கு, பானசோனிக் யூபி820 போன்ற இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகள் உள்ள பிளேயரே ஏற்றது: ஒன்று படத்துடன் தொலைக்காட்சிக்கு, மற்றொன்று ஒலிக்காக ரிசீவருக்கு.

ஒலியை எண்ணாக அன்றி அலையாகவே அனுப்பும் அனலாக் இணைப்பைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி, எண்ணிலிருந்து ஒலி அலைக்கு மாற்றும் வேலையை எந்தப் பெட்டி நன்றாகச் செய்யும் என்பதே. ஓப்போ யூடிபி-205 போன்ற பிளேயர்களை வாங்கியவர்கள் அதனுள் இருக்கும் உயர்தர மாற்றிக்காகவே பணம் கொடுத்தார்கள். அதை எச்டிஎம்ஐயில் மட்டும் இணைத்தால் அந்த மாற்றி சும்மா கிடக்கும். மாறாக, அனலாக் ஆர்சிஏ கேபிளில் இணைத்துவிட்டு, அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் ரிசீவரின் அறைத் திருத்தத்தை இயக்கினால், ரிசீவர் அந்த அலையை மறுபடியும் எண்ணாக்கி, திருத்தி, தன் மாற்றியின் வழியாகவே வெளியிடும். இந்தத் திருத்தத்தைத் தவிர்க்கும் ‘டைரக்ட்’ அல்லது ‘பியூர் டைரக்ட்’ நிலையில் கேட்டால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. 5.1 அனலாக்கில் ஆறு கேபிள்கள் செருகுகிறவர்கள், ஸ்பீக்கர்களின் தொலைவையும் சப்வூஃபருக்குப் பிரியும் அதிர்வெண்ணையும் பிளேயரின் மெனுவிலேயே அமைக்க வேண்டும். பெரும்பாலான ரிசீவர்கள் அந்த வாயிலில் இவற்றைத் தொடுவதில்லை.

எஸ்ஏசிடி எனும் உயர்தர இசை வட்டுகள் தனி ரகம். அவற்றின் டிஎஸ்டி என்ற எண்வடிவ ஒலியை ஆப்டிகலிலும் கோஆக்சியலிலும் வெளியிட அனுமதி கிடையாது. 2005இல் வந்த எச்டிஎம்ஐ 1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும், இல்லையேல் அனலாக். எஸ்ஏசிடியை இட்டபின் ஆப்டிகலில் இசை வருகிறதென்றால், கேட்பது பெரும்பாலும் அதே வட்டின் சிடி அடுக்கைத்தான்.

காலியாக இருக்கிறதே என்று ரிசீவரின் ‘ஃபோனோ’ வாயிலில் மட்டும் பிளேயரைச் செருகிவிடாதீர்கள். இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சமிக்ஞைக்காக அமைந்த அது, பிளேயரின் வலுவான சமிக்ஞையைப் பன்மடங்கு பெருக்கி, தாழ்ந்த சுரங்களையும் வீங்கவைத்து, கரகரவென்று சிதைத்தே வெளியிடும்; ஒலியளவு ஏற்றப்பட்டிருந்தால் ஸ்பீக்கருக்கும் கேடு.